புரோத்தன் உடையாத செவ்வாய்க்கிழமை

அடுத்த திங்கட்கிழமை முதல் கெட்ட ட்யூப்களின் பட்டியல் உங்கள் நால்வரின் கைக்கு வருகிறது. அதனால்தான் உங்கள் குழுவுக்கு இப்போது பொறுப்பாயிருக்கும் றிஸ்னா போன வாரம் எனக்குக் கோல் எடுத்தாள்.

"மிஸ், புதுசா சேந்த நாலு பேருக்கும் அந்தக் கதைய நீங்களே எழுதிக் குடுங்க. நான் சொன்னா உங்களக் குறை சொல்ற மாதிரி ஈக்கும்."

குறை சொல்ல வேண்டிய கதைதான். ஆகவே நானே எழுதுகிறேன். பட்டியலை எப்படித் தயாரிப்பது என்பதெல்லாம் கையேட்டில் இருக்கிறது. கையேட்டில் இல்லாத ஒரு நாளைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

நான் கொழும்பு கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவள். துறைமுகத்தில் கிளார்க்காக இருந்த என் அண்ணன், ஞாயிறு பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் என்னைக் கண்டால் முதலில் கேட்பது, "என்ன தங்கச்சி, உடைஞ்சிட்டுதோ?" என்பதுதான். அவருக்குப் பௌதிகம் தெரியாது. ஆனால் எங்கள் வேலையை அவரைவிடச் சுருக்கமாக யாரும் சொன்னதில்லை. பார்க்கும் பொருளிலெல்லாம், ஒவ்வொரு அணுவின் கருவிலும் இருக்கிற புரோத்தன் எப்போதாவது தானாக உடையுமா? உடையும் என்று சில கோட்பாடுகள் சொல்கின்றன. யாரும் இதுவரை கண்டதில்லை. ஒரே ஒரு புரோத்தனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால் உலகத்தின் வயது போதாது. ஆகவே ஒரு மலையின் அடியில், வேறு கதிர்கள் எட்டாத ஆழத்தில், மாபெரும் தாங்கி ஒன்றைத் தண்ணீரால் நிரப்பி, எல்லாப் புரோத்தன்களையும் ஒரேயடியாகப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். தாங்கியின் சுவரெங்கும் மங்கிய ஒளியையும் உணரும் கண்ணாடிக் குமிழ்கள். அவற்றைத்தான் ட்யூப் என்கிறோம். மலை வேறு நாட்டில். தரவு இணையத்தில் வருகிறது. கொழும்பில் எங்கள் சிறிய குழுவுக்கு ஒரேயொரு பொறுப்புத்தான் இருந்தது: நியூத்திரன்.

ஏன் நியூத்திரன் என்பதை இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கதையே அதில்தான் நிற்கிறது. புரோத்தன் உடைந்தால் தண்ணீரில் மூன்று ஒளி வளையங்கள் தோன்றும். வானத்திலிருந்து வரும் நியூத்திரினோ என்ற நுண்துகள் ஒன்று தண்ணீரில் மோதினாலும் சில வேளைகளில் அச்சொட்டாக அதே மூன்று வளையங்கள் தோன்றிவிடும். வித்தியாசம் என்னவென்றால், நியூத்திரினோ மோதும்போது பெரும்பாலும் அணுக்கருவிலிருந்து ஒரு நியூத்திரனும் வெளியே தெறிக்கும். அது கண நேரம் தண்ணீரில் அலைந்துவிட்டு ஒரு மிக மங்கலான ஒளியைத் தந்து அடங்கும். அந்த ஒளியைக் கண்டால், வந்தது வேஷக்காரன். காணாவிட்டால், அது உண்மையான உடைவாக இருக்கக்கூடும். மங்கல் ஒளி என்பதால், சும்மா இரைச்சல் போடும் கெட்ட ட்யூப்களை முதலில் மூடிவிட்டுத்தான் தேட வேண்டும். எந்த ட்யூப்களை மூடுவது என்ற மாதாந்தப் பட்டியலைத் தயாரித்து, சரிபார்த்து, "சரிபார்க்கப்பட்டது" என்ற பெட்டியில் அடையாளம் போடுவது என் வேலை. பெரிய வளையங்களைப் பார்ப்பவர்களுக்கு அந்தப் பட்டியல் தேவையில்லை. அதனால் எங்களைத் தவிர யாரும் அதைத் திறந்து பார்ப்பதில்லை.

முடிவுப் பெட்டியைத் திறக்கும் நாள், அதாவது சேர்த்துவைத்த தரவை முதன்முதலாகப் பார்க்கும் நாள், வந்தது. எல்லா நிபந்தனைகளையும் முதலிலேயே எழுதி வைத்துவிட்டு, அதன் பிறகுதான் தரவைத் திறப்போம். திறந்தபின் ஒன்றையும் மாற்றக்கூடாது. நாங்கள் எதிர்பார்த்தது வெறும் பெட்டி. உள்ளே ஒரு நிகழ்வு இருந்தது. மூன்று வளையங்கள். நிறை சரி. திசை சரி. நியூத்திரன் இல்லை.

அதன்பின் வந்த மாதங்களை எப்படிச் சொல்வது? எல்லா நாட்டுக் குழுக்களும் அதைக் கிழித்துக் கிழித்துப் பார்த்தன. அது நின்று பிடித்தது. அதை முதலில் திரையில் கண்டவள் றிஸ்னா. அப்போது அவள் என்னிடம் கலாநிதிப் பட்டத்துக்கு ஆய்வு செய்துகொண்டிருந்தாள். தெஹிவளையில் வீடு. கணவரும் ஒரு சின்ன மகளும். சர்வதேச மாநாட்டில் அந்த நிகழ்வை அறிவிக்கும் உரையை அவளே நிகழ்த்த வேண்டும் என்று எல்லோரும் சேர்ந்து தீர்மானித்தார்கள். கொழும்பிலிருந்து ஒரு பெண் போய், உலகம் இதுவரை காணாத ஒன்றைச் சொல்லப் போகிறாள். எனக்கு ஓய்வுக்கு இன்னும் ஒரு வருடம். இதைவிட வேறென்ன வேண்டும் என்று நான் நினைத்ததை உங்களிடம் மறைக்க மாட்டேன்.

உரைக்கு ஒன்பது நாள் இருந்தது. செவ்வாய்க்கிழமை. றிஸ்னா விசா எடுக்கக் கொள்ளுப்பிட்டிக்குப் போயிருந்தாள். எங்கள் உள்ளகப் பரிசீலனைக் குழுவிலிருந்து ஒருவர் ஒரு சிறு கோரிக்கை அனுப்பியிருந்தார்: அந்த நிகழ்வு நடந்த நாளில் மூடப்பட்டிருந்த ட்யூப்களை ஒரு படமாக வரைந்து அறிக்கையில் இணைத்துவிடுங்கள். வெறும் சம்பிரதாயம். றிஸ்னா செய்யும் வேலைதான். அவள் இல்லாததால் நானே என் வெள்ளவத்தை ஃபிளாட்டில் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து வரைந்தேன்.

படத்தில் தாங்கியின் சுவரில் ஒரு பக்கம் சதுரமாக ஓட்டை விழுந்திருந்தது. மாபிள் ஓடு ஒன்று கழன்று விழுந்த குளியலறைச் சுவர் மாதிரி.

அந்த இடத்தை எனக்குத் தெரியும். அங்கேயுள்ள ட்யூப்களுக்கு மின்சாரம் கொடுக்கும் பலகை ஒன்று பழுதாகியிருந்தது, பிறகு மாற்றினார்கள். மாற்றியாயிற்று என்று அறிவித்த கூட்டத்தில் நான் இருந்தேன். நிகழ்வு நடந்தது மாற்றியதற்குப் பின். அப்படியென்றால் ஓட்டை இருக்கக்கூடாது. பட்டியலின் கோப்பைத் திறந்தேன். முதல் வரியில் மாதத்தின் பெயர் இருந்தது. அது முந்திய மாதம்.

எப்படி நடந்தது என்று யோசிக்க வேண்டியே இருக்கவில்லை. மின்வெட்டுக் காலம். பெற்றோல் இல்லாததால் பல்கலைக்கழகம் போகாமல் இதே மேசையில் வேலை செய்த நாட்கள். பத்து மணிக்குக் கரண்ட் போகும். பத்துக்குச் சில நிமிடம் இருக்கும்போது அவசரமாகக் கோப்பை ஏற்றினேன். பழைய மாதத்தின் கோப்பை ஏற்றிவிட்டேன். கரண்ட் போவதைப் பிழை என்று சொல்லமாட்டேன். அவசரத்தில் தவறான கோப்பு எவருக்கும் ஏறும். என் பிழை அதற்குப் பிறகு செய்தது. கரண்ட் வந்தபின் திறந்து பார்க்காமலே, "சரிபார்க்கப்பட்டது" என்ற பெட்டியில் அடையாளம் போட்டேன். ஏற்றியது நான்தானே, சரியாகத்தான் இருக்கும் என்று.

நல்ல ட்யூப்களை மூடிவிட்டு மங்கல் ஒளியைத் தேடியிருக்கிறோம். நியூத்திரன் அந்த ஓட்டைக்குள் ஒளிந்திருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம்.

றிஸ்னாவுக்குக் கோல் எடுத்தேன்.

"விசா தந்திட்டினமோ?"

"இன்னும் இல்ல மிஸ். எனக்கு முன்னால பன்னிரண்டு பேர் ஈக்கிறாங்க. ஏன், கமிட்டி வேற ஏதும் கேட்டாங்களா?"

"இல்லை. அலுவலை முடிச்சிட்டு நேரே இஞ்ச வாரும்."

"என்ன மிஸ், குரல் ஒரு மாதிரி ஈக்கு?"

"வாரும், கதைப்பம்."

அவள் வர ஒன்றரை மணித்தியாலம் ஆனது. பிள்ளைகளே, இந்தக் கதையில் நீங்கள் கவனிக்க வேண்டியது அந்த ஒன்றரை மணித்தியாலத்தைத்தான்.

சரியான பட்டியல் என் கணினியில் இருந்தது. அதைப் போட்டு அந்த ஒரு நிகழ்வை மட்டும் ரன் பண்ண இருபது நிமிடம் போதும். கட்டளையை அடித்தும் விட்டேன். என்டர் அமத்துவதுதான் மிச்சம். மனம் மிக நியாயமாகப் பேசியது. முதலில் பார், என்றது. நியூத்திரன் இல்லாவிட்டால் எதுவுமே மாறவில்லை, பிறகு எதற்கு ஊரைக் கூட்டி உன் பெயரைக் கெடுத்துக்கொள்கிறாய்? அறிக்கையில் கோப்பை மாற்றிவிட்டு ஒரு அடிக்குறிப்புப் போடு. நியூத்திரன் இருந்தால் அப்போது சொல்லலாமே.

விரலை என்டர் மேல் வைத்துக்கொண்டு, இருந்தால் நான் உண்மையிலேயே சொல்வேனா என்று என்னையே கேட்டேன். சொல்வேன் என்றுதான் பதில் வந்தது. ஆனால் எவ்வளவு நேரம் கழித்து? முதலில் இன்னொரு தடவை ரன் பண்ணிப் பார்ப்பேன். பிறகு இரைச்சல் எல்லையைக் கொஞ்சம் கூட்டிப் பார்ப்பேன். அந்த மங்கல் ஒளி உண்மையில் நியூத்திரன்தானா என்று சந்தேகப்பட எனக்கு ஆயிரம் காரணம் கிடைக்கும். நாற்பது வருட அனுபவமுள்ளவளுக்குக் காரணத்துக்கா பஞ்சம்? முடிவைப் பார்த்துவிட்டால், அதன்பின் நான் எடுக்கும் எந்தத் தீர்மானத்தையும் யாரும் நம்பத் தேவையில்லை. நானே நம்ப மாட்டேன்.

அடித்த கட்டளையை அழித்தேன். எழுந்து போய் முகம் கழுவினேன்.

றிஸ்னா வந்தபோது வெயிலில் வியர்த்திருந்தாள். கையில் கடவுச்சீட்டு இருந்தது. விசா கிடைத்துவிட்டது. நான் படத்தைக் காட்டி, எல்லாவற்றையும் சொன்னேன். அவள் உட்காரவில்லை. கீழே கடற்கரைத் தண்டவாளத்தில் ரயில் போய் முடியும்வரை திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"டிக் போட்டது நீங்கதானே மிஸ்."

"ஓம். நான்தான்."

"பாக்காமலா?"

"பாக்காமல்தான்."

அவள் கடவுச்சீட்டை மேசையில் வைத்தாள். பிறகு மெதுவாக, "சரியான லிஸ்ட்டப் போட்டு இப்பவே ரன் பண்ணுவம்" என்றாள்.

"முதல்ல கடிதம் எழுதுவம். பிறகு ரன் பண்ணுவம்."

"ஏன் மிஸ்? ஒண்டும் மாறாட்டி கடிதமே தேவயில்லயே. ஒம்பது நாள்தான் ஈக்கு. இப்ப சொன்னா மாநாட்டு டோக்கையே நிப்பாட்டிடுவாங்க. பாத்திட்டுச் சொன்னா என்ன?"

"நானும் ஒரு மணித்தியாலமா அதைத்தான் யோசிச்சனான், றிஸ்னா. பெட்டியைத் திறந்தாப் பிறகு பட்டியலை மாத்தப் போறம். எங்களுக்கு விருப்பமான பதிலைப் பாத்திட்டு மாத்தினம் எண்டு ஆரும் சொன்னால், இல்லை எண்டு சொல்ல எங்களிட்ட ஒண்டும் இல்லை. பாக்கிறதுக்கு முதல் சொன்னால் இருக்கு."

அவள் கண் கலங்கியது. கோபமா, ஏமாற்றமா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டுமாக இருந்திருக்கும். மேசையின் மறுபக்கம் உட்கார்ந்து, மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்து, "சொல்லுங்க, நான் அடிக்கிறேன்" என்றாள்.

கடிதம் ஐந்து வரி. என்ன பிழை, யார் விட்டது, எப்போது கண்டது, இன்னும் ரன் பண்ணவில்லை, அடுத்து என்ன செய்யட்டும். மன்னிப்புக் கேட்டு ஒரு பந்தி எழுதச் சொன்னேன். றிஸ்னா அதை அழித்துவிட்டாள். "அது பிறகு மிஸ். இப்ப அவங்களுக்கு விஷயம்தான் தேவை." அவள் செய்தது சரி.

பத்து நிமிடத்தில் பல நாட்டுக் குழுக்கள் சேர்ந்த எங்கள் முழுக் கூட்டமைப்பின் ஆய்வுக்கும் பொறுப்பான ஒருங்கிணைப்பாளர் வீடியோவில் அழைத்தார். நான் பயந்த பெண்மணி. கூட்டங்களில் அரைகுறைப் பதில் சொன்னவர்களை அவர் உரித்தெடுத்ததை நான் பலமுறை கண்டிருக்கிறேன். பேசியது ஆங்கிலத்தில். தமிழில் தருகிறேன்.

"ரன் பண்ணிவிட்டீர்களா?" என்பதுதான் அவரது முதல் கேள்வி.

"இல்லை."

"ஒரு தடவைகூட?"

"இல்லை. கட்டளையை அடித்தேன். அழித்துவிட்டேன்."

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "நன்றி. கட்டளை எங்கள் பக்கத்திலிருந்து போகட்டும். வேறு இரண்டு பேர் சேர்ந்து பார்ப்பார்கள். நீங்களும் திரையில் இருங்கள். எந்தப் பதில் வந்தாலும், அதுதான் பதில். சம்மதமா?"

சம்மதம் என்றேன். றிஸ்னாவும் சம்மதம் என்றாள். அவளது குரல் எனக்குக் கேட்கவில்லை. உதடு அசைந்ததைத்தான் கண்டேன்.

இருபது நிமிடம். ஐந்து முகங்கள் திரையில் இருந்தன. றிஸ்னா கடவுச்சீட்டைத் திறந்து விசாவைப் பார்ப்பதும் மூடுவதுமாக இருந்தாள். நான் எதையும் வேண்டிக்கொள்ளவில்லை. எதை வேண்டுவது? நியூத்திரன் இருக்கட்டும் என்றா, இருக்கக்கூடாது என்றா?

முடிவு வந்தது. மூன்று வளையங்கள் அடங்கிய பின், நாங்கள் மூடி வைத்திருந்த அந்தச் சதுரத்துக்குள், கொஞ்ச ட்யூப்கள் ஒன்றாக மினுங்கியிருந்தன. சந்தேகத்துக்கு இடமே இல்லை. படித்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்குக் காட்டினாலும் நியூத்திரன் என்று சொல்லும். வேஷக்காரன்தான். புரோத்தன் உடையவில்லை.

"சரி" என்றார் ஒருங்கிணைப்பாளர். "ஒன்பது நாள் முந்தித் தெரிந்தது. ஒன்பது நாள் பிந்தித் தெரிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கவே எனக்கு விருப்பமில்லை. எல்லோரும் போய்ச் சாப்பிடுங்கள்."

திரை அணைந்தது. நான் றிஸ்னாவின் முகத்தைப் பார்க்கத் துணியவில்லை. அவளிடமிருந்து பறித்தது சின்ன விஷயமல்ல. ஏதாவது சொல்ல வேண்டுமே என்று வாய் திறந்தபோது ஒரு பெருமூச்சுக் கேட்டது. இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு, தோள் குலுங்க, றிஸ்னா சிரித்துக்கொண்டிருந்தாள். சிரிப்போடு அழுகையும் வந்தது.

"அல்ஹம்துலில்லாஹ்" என்றாள். "மிஸ், எனக்கு மூணு மாசமா ஒழுங்கா நித்திரை இல்ல."

"ஏன்?"

"அந்த மூலையில ஒளி பட்ட ஹிட்ஸ் குறைவா ஈக்கிறத நான் அப்பவே பாத்தேன். ரெண்டு தரம் பாத்தேன். நீங்க டிக் போட்டீக்கிறீங்க. அப்ப என்ட கம்பியூட்டர் கோட்லதான் பிழையெண்டு நினைச்சேன். என்ட பிழையத் தேடித் தேடிப் பைத்தியம் பிடிச்சிட்டு. உங்களுக்கிட்டக் கேக்க வெக்கமாவும் பயமாவும் ஈந்திச்சு."

அந்த நாளில் எனக்கு உண்மையில் வலித்தது இதுதான். தவறான கோப்பு ஒரு நாள் பிழை. ஆனால் என் அடையாளத்தைக் கண்டு, கெட்டிக்காரி ஒருத்தி தன் கண்ணைத் தானே நம்பாமல் விட்டிருக்கிறாள். அனுபவசாலி என்று எனக்கு இருந்த பெயர் அவளது வாயை மூடியிருக்கிறது. அவள் கேட்டிருந்தால் இரண்டு நிமிடத்தில் தீர்ந்திருக்கும். போய்க் கேட்கக்கூடிய ஆளாக நான் அவளுக்குத் தெரியவில்லை.

"மன்னிச்சுக்கொள்ளும்" என்றேன்.

"பசிக்குது மிஸ்" என்றாள் அவள்.

எனக்கும் பசித்தது. காலை முழுக்க ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. பெருந்தெருவான காலி வீதிக்கு இறங்கி இரண்டு கொத்து ரொட்டி வாங்கிக்கொண்டு வந்து, கணினிகளைத் தள்ளிவைத்துவிட்டு, அதே மேசையில் சாப்பிட்டோம். நான் அவ்வளவு ருசியாகச் சாப்பிட்டது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. மாதக்கணக்காக நெஞ்சின் மேல் ஏறியிருந்த ஒன்று இறங்கியிருந்தது. அது ஏறியிருந்ததே இறங்கிய பிறகுதான் தெரிந்தது. ஒரு பெரிய கண்டுபிடிப்பு இல்லாமல் போனதற்கு மனிதர் இப்படி நிம்மதியடைய முடியுமா என்று நீங்கள் கேட்கலாம். அது எங்களுடைய கண்டுபிடிப்பாக ஒருபோதும் இருக்கவில்லை. எங்கள் கையிலிருந்தது ஒரு ஓட்டை மட்டும்தான்.

றிஸ்னா மாநாட்டுக்குப் போனாள். உரையின் நேரத்தைக் குறைத்துவிட்டார்கள். ஒன்றும் காணவில்லை, ஆகவே புரோத்தன் நாம் நினைத்ததைவிட இன்னும் உறுதியானது என்று சொல்லிவிட்டு வந்தாள். பட்டியலில் நடந்த பிழையை அவள் ஒளிக்கவில்லை. ஒரு வசனத்தில் சொன்னாள். என்னைக் கேட்டுவிட்டுத்தான் சொன்னாள். அதற்காக எவரும் எங்களைத் தள்ளி வைக்கவில்லை. அந்த வருடமே கொழும்புக் குழுவுக்கு இன்னொரு பொறுப்பையும் சேர்த்துத் தந்தார்கள். இன்று நீங்கள் நால்வரும் சேர இடமிருப்பது அதனால்தான். திரும்பி வந்ததும் அவள் செய்த முதல் வேலை, அடையாளம் போடும் பெட்டியை எடுத்துவிட்டு, என்ன பார்த்தீர்கள் என்று சொந்த வசனத்தில் எழுதும் இடமாக அதை மாற்றியது. "சரி" என்று மட்டும் எழுதினால் திருப்பி அனுப்புவாள். என்னுடையதே இரண்டு முறை திரும்பி வந்திருக்கிறது.

உங்களுக்கும் பிழை வரும். வராது என்று நினைப்பவர் இந்த வேலைக்கு வேண்டாம். பிழையைக் கண்டால், அது எதை மாற்றுகிறது என்று பார்ப்பதற்கு முன் சொல்லுங்கள். உங்களுக்கு மேலே இருப்பவர் சரி என்று சொல்லியிருந்தாலும், உங்கள் கண் வேறொன்றைச் சொன்னால் போய்க் கேளுங்கள். கேட்டதற்காக முகம் சுளிப்பவராக இருந்தால், அந்தக் குறை அவருடையது.

நான் ஓய்வு பெற்ற பிறகு, குழு றிஸ்னாவின் பொறுப்புக்கு வந்தது. சில மாதம் கழித்து ஒரு காலையில் அவளிடமிருந்து கோல் வந்தது.

"மிஸ், நான் ஒரு பிழை விட்டுட்டேன். எல்லாருக்கும் எழுதிட்டேன். இப்ப ரன் ஓடிட்டு ஈக்கு."

"எழுதியாச்செண்டால் பிறகென்ன? எனக்கேன் எடுத்தனீர்? நான் என்ன செய்ய வேணும்?"

"ஒண்டும் இல்ல. முடியும்வரைக்கும் சும்மா கதைச்சிட்டு இருங்க மிஸ்."

நாங்கள் அவள் மகளின் ஸ்கூல் சப்பாத்தைப் பற்றிக் கதைத்தோம். ஆறு மாதத்தில் இரண்டாவது சோடி சிறுத்துப் போய்விட்டதாம். என் முழங்கால் வலியைப் பற்றிக் கதைத்தோம். லிஃப்ட் பழுதாகி ஐந்தாம் மாடிக்கு நான் ஏறி இறங்கும் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தபோது, மறுமுனையில் அவள் மூச்சை இழுத்து விடுவது கேட்டது.

"முடிஞ்சிட்டு" என்றாள்.

"என்ன வந்தது?"

"இருங்க மிஸ், முதல்ல அவங்களுக்குச் சொல்லிட்டு வாரேன்" என்று சொல்லி, அவள் என் கோலை வெட்டினாள்.